6,480 ரூபா தூண்டிலும் 150 ரூபா மூங்கிலும்: பொழுதுபோக்குக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?



எங்க வீட்டுப் பரண் மேல ஒரு தூண்டில் கம்பு கிடக்கு. கறுப்புக் கலர், 7 அடி நீளம், ஜம்முன்னு ஒரு ரீல். ரெண்டும் சேர்த்து 6,480 ரூபா. வாங்கி 4 வருஷம் ஆச்சு. அது தண்ணியைப் பார்த்தது மொத்தம் 4 தடவை. அதாவது ஒரு தடவைக்கு 1,620 ரூபா. பிடிச்ச மீன் எத்தனைன்னு கேட்காதீங்க. சரி, கேட்டுட்டீங்க. ரெண்டு ஜிலேபி.

இன்னைக்கு பாடம் அந்தக் கம்பைப் பத்தித்தான். தூண்டில் வாங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது நேரடியா உதவும். மீனே பிடிக்காத ஆளா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிங்க. கேமரா, கிட்டார், சைக்கிள், ஜிம் சந்தான்னு எதுக்கு வேணும்னாலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நான் செஞ்ச தப்பு

அப்போ திண்டுக்கல்ல வேலை. மாசம் 22,000 சம்பளம். ரூம் வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, பைக் லோன், போன் இஎம்ஐ எல்லாம் போக கையில மிஞ்சுறது நாலாயிரம் சொச்சம். ஞாயித்துக்கிழமை ஆனா ரூம்ல உட்கார்ந்து வீடியோ பார்க்கிறதுதான் பொழுதுபோக்கு. அப்படித்தான் மீன்பிடி வீடியோ கண்ல பட்டுச்சு. மூணே நாள்ல நானும் ஒரு மீன்பிடி வீரன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆன்லைன்ல "நோ காஸ்ட் இஎம்ஐ" போட்டிருந்தான். மாசம் 1,080, 6 மாசம். "ஒரு பிரியாணிச் செலவுதானே"ன்னு மனசு சொல்லுச்சு. கிரெடிட் கார்டுல போட்டேன்.

மூணாவது மாசம் ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணாங்க. அப்பாவுக்குக் கண்ல புரை, ஆபரேஷன் பண்ணணும், முன்பணம் 5,000 கட்டணும்னு சொன்னாங்க. என் கையில 1,300 ரூபா இருந்துச்சு. அந்த மாசம் கார்டு பில்லுக்கே குறைந்தபட்சத் தொகைதான் கட்ட முடிஞ்சது. அப்பா போனை வாங்கி, "பரவாயில்லப்பா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம். ஒரு கண்ணு நல்லாத்தானே தெரியுது"ன்னார்.

அன்னைக்கு என் ரூம் மூலையில அந்தக் கறுப்புக் கம்பு சாஞ்சு நின்னுட்டு இருந்துச்சு.

நண்பர்களே, 1,080 ரூபா பெரிய தொகை இல்ல. ஆனா மாசக்கடைசியில மிஞ்சுறதே 4,000 ரூபான்னா, அதுல கால் பங்குக்கு மேல ஒரு கம்புக்குப் போகுது. இஎம்ஐ எவ்வளவு சின்னதுன்னு பார்க்கக் கூடாது. சம்பளத்துல மிஞ்சுற காசுல அது எத்தனை பங்குன்னு பார்க்கணும். இதுதான் முதல் பாடம்.

"நோ காஸ்ட்" இஎம்ஐயில என்ன காஸ்ட்?

வட்டியே இல்லாத கடன்னு ஒன்னு கிடையாது. இதை ரிசர்வ் வங்கியே 2013-ல ஒரு சுற்றறிக்கையில வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. அப்புறம் எப்படி நோ காஸ்ட்? கடைக்காரர் வட்டித் தொகையை விலையில தள்ளுபடியாக் குறைப்பார். வங்கி அதே தொகையை வட்டியா உங்ககிட்ட வாங்கிக்கும். பார்வைக்கு ரெண்டும் சரியாப் போயிடும்.

ஆனா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது உங்க தலையில விழும். பல வங்கிகள் பிராசசிங் கட்டணமும் போடும், அதுக்கும் 18% ஜிஎஸ்டி.

என் கணக்கு இது. வருஷம் 15% வட்டி, 6 மாசம். வட்டி சுமார் 274 ரூபா, அதுக்கு ஜிஎஸ்டி 49 ரூபா. பிராசசிங் கட்டணம் 199, ஜிஎஸ்டியோட 235 ரூபா. ஆக "இலவச" இஎம்ஐக்கு நான் கூடுதலாக் கொடுத்தது 284 ரூபா.

284 ரூபா பெருசில்லைன்னு தோணும். அந்தக் காசுக்கு ஒரு முழு மூங்கில் தூண்டில் செட் வாங்கிட்டு, மீதியில டீயும் வடையும் சாப்பிட்டிருக்கலாம். அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

இன்னொன்னு. கார்டு பில்லுல குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினா, தப்பிச்சுட்டோம்னு நினைக்காதீங்க. மீதித் தொகைக்கு வட்டி ஓடும், புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. பல கார்டுகள்ல மாசத்துக்கே 3 முதல் 3.5% வரைக்கும் வட்டி. அதை வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க.

முதல்ல மீனைப் பாரு, அப்புறம் கம்பைப் பாரு

நம்ம ஊரு பூட்டுக்குப் பேர் போன ஊரு. 2019-ல புவிசார் குறியீடே வாங்கியிருக்கு. பூட்டுக்கடையில போய் நின்னா கடைக்காரர் முதல்ல என்ன கேட்பார்? "வீட்டுக்கா, கடைக்கா, குடோனுக்கா?" கதவைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பூட்டை எடுப்பார். பீரோவுக்குக் கோயில் பூட்டு எதுக்கு?

தூண்டிலும் அப்படித்தான். திண்டுக்கல் சமவெளியில கண்மாய், குளம், அணை ஓரத்துல ஆரம்பநிலை ஆளுக்குச் சிக்குற மீன் பெரும்பாலும் ஜிலேபி. திலாப்பியான்னு சொல்றாங்களே, அதேதான். ஆப்பிரிக்க மீன். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. இன்னைக்கு அது இல்லாத கண்மாயைத் தேடணும்.

இந்த மீனோட குணத்தைக் கவனிங்க:

- பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான். பெருசா இழுத்துச் சண்டை போடாது.
- வாய் சின்னது. இரையை ஒரேயடியா முழுங்காது, கொறிக்கும்.
- ஆண் மீன் கரையோர ஆழமில்லாத தண்ணியில குழி பறிச்சுக் கூடு கட்டும். பெண் மீன் முட்டையை வாயிலேயே வச்சுப் பொரிக்கும். அதனால இந்த மீன் கரையை ஒட்டியே நிறையத் திரியும்.

இதுல இருந்து என்ன தெரியுது? மீன் உங்க காலடியில இருக்கு. ரீலோட முக்கியமான வேலை தூரமா வீசுறதும், பெரிய மீனுக்கு நரம்பை விட்டுப் பிடிக்கிறதும். ரெண்டுமே இங்க தேவையில்ல. நான் 6,480 ரூபா கொடுத்து வாங்கினது நடுக்குளத்துக்கு வீசுற கம்பு. மீன் கரையில இருக்கு, என் தூண்டில் நடுக்குளத்துல இருக்கு!

அமெரிக்காவுல க்ராப்பின்னு ஒரு குளத்து மீன் உண்டு. ஜிலேபி மாதிரியே தட்டையான, வாணலியில அடங்குற மீன். உதடு காகிதம் மாதிரி மெல்லிசு, வேகமா இழுத்தா கிழிஞ்சுடும். அதுக்கு அங்க பல பேர் 10 அடி, 12 அடின்னு நீளமான, நுனி மெத்துன்னு வளையுற கம்பைத்தான் பயன்படுத்துறாங்க. அந்தக் காலத்துல அங்கேயும் மூங்கில்தான். மீன் வேற, நாடு வேற. ஆனா சின்ன மீனுக்கு நீளமான மெல்லிசுக் கம்புங்கிற கணக்கு ஒன்னுதான்.

இதை எனக்கு முதல்ல சொன்னது எந்த வீடியோவும் இல்ல. ஒரு கண்மாய்க்கரையில பக்கத்துல உட்கார்ந்திருந்த தாத்தா. என் கம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏந்தம்பி, திமிங்கிலம் ஏதும் வருதுன்னு தகவல் வந்திருக்கா?"ன்னார். அவர் கையில மூங்கில். பக்கத்துல தூக்குச்சட்டியில பதினஞ்சு ஜிலேபி.

"உங்களுக்கு மட்டும் எப்படி தாத்தா கிடைக்குது?"ன்னு கேட்டேன். "உன் தக்கை பெருசு தம்பி. அது கொறிக்கிறது உனக்குத் தெரிய மாட்டேங்குது. இந்நேரம் மூணு தடவை தின்னுட்டுப் போயிருக்கும்"னார். இழுத்துப் பார்த்தா, முள்ளு மட்டும்தான் இருந்துச்சு.

மூணு வகைக் கம்பு, மூணு வகைச் செலவு

விலையெல்லாம் நான் கடையிலேயும் ஆன்லைன்லேயும் பார்த்த தோராய விலை. உங்க ஊர்ல முன்னப்பின்ன இருக்கும்.

1. மூங்கில் கம்பு: முழு செட் சுமார் 150 ரூபா

பந்தலுக்கும் ஏணிக்கும் மூங்கில் விக்கிற கடையில மெல்லிசான கம்பாக் கேளுங்க. 10 முதல் 12 அடி. பச்சை மூங்கில் வேண்டாம், கனமா இருக்கும், காயும்போது வளையும். நல்லாக் காஞ்சது, நேரானது, நுனி பென்சில் அளவுக்கு மெல்லிசா இருக்கிறதாப் பார்த்து எடுங்க. மீதிக்காசுல நைலான் நரம்பு, தூண்டில் முள், ஈயம், தக்கை. தக்கைக்குக் காசு கொடுக்க வேண்டாம்னா சோளத்தட்டையோட உள்தண்டே போதும்.

ஒரு சின்ன நுட்பம்: நரம்பை நுனியில மட்டும் கட்டாதீங்க. கம்போட நடுப்பகுதியில ஒரு கட்டு போட்டு, அங்கிருந்து நுனிக்குக் கொண்டுபோய் இன்னொரு கட்டு போடுங்க. நுனி ஒடிஞ்சாலும் மீனும் நரம்பும் கையோட இருக்கும்.

குறை என்ன? 12 அடி மூங்கிலை பைக்ல கொண்டுபோகக் கூடாது. உங்களுக்கும் ஆபத்து, எதிர்ல வர்றவங்களுக்கும் ஆபத்து. கண்மாய் பக்கத்துல சொந்தக்காரங்க வீடு இருந்தா அங்கேயே வச்சுட்டு வந்துடலாம்.

2. டெலஸ்கோப் கம்பு, ரீல் இல்லாதது: 500 முதல் 800 ரூபா

குடை மாதிரி மடக்கி பைக்குள்ள வச்சுக்கலாம். ஃபைபர் கிளாஸ்ல வரும். 3.6 மீட்டர்னா 12 அடி, 4.5 மீட்டர்னா 15 அடி. ஜிலேபிக்கு 12 அடி தாராளம். நரம்பு கம்பு நீளத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா இருந்தாப் போதும்.

டவுன்ல ரூம் எடுத்துத் தங்கி, பைக்லயோ பஸ்லயோ போய்வர்ற ஆளுக்கு இதுதான் சரி. மூங்கிலைவிடக் கூடுதலாக் கொடுக்கிற காசு மீனுக்கு இல்ல, பயணத்துக்கு. அது நியாயமான செலவு.

3. ஸ்பின்னிங் கம்பும் ரீலும்: 1,500 முதல் 2,500 ரூபா, அதுக்கு மேல வானமே எல்லை

விரால் பிடிக்கணும், ரப்பர் தவளையை வீசி இழுக்கணும்னா இது வேணும். விரால் பாசிக்குள்ள பதுங்கி நின்னு பாய்ஞ்சு அடிக்கிற மீன், அதுக்குப் பலமான கம்பு தேவை. ஆனா அது ரெண்டாவது வகுப்புப் பாடம். ஜிலேபியே பிடிக்காத ஆள் இதுல ஆரம்பிக்க வேண்டாம்.

இப்போ நிஜமான கணக்கு

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. "வருஷத்துக்கு 52 ஞாயிறு இருக்கு, வாரா வாரம் போவேன்"னு மனக்கணக்கு போடுவோம். நம்ம பகுதியில கண்மாய்கள் நிறையுறது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையிலதான். சித்திரை, வைகாசியில பல கண்மாய்ல கிரிக்கெட் விளையாடலாம். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 5 மாசம், மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு. கல்யாணம், காதுகுத்து, ஓவர்டைம் எல்லாம் போக அதுதான் நிஜம். ஆக ஒரு சீசனுக்கு 10 தடவை.

- மூங்கில் செட் 150 ரூபா, ஒரு சீசன், 10 தடவை: தடவைக்கு 15 ரூபா
- டெலஸ்கோப் கம்பு 600, நரம்பு, முள் 150, ஆக 750 ரூபா. 3 சீசன், 30 தடவை: தடவைக்கு 25 ரூபா
- ஸ்பின்னிங் செட் 2,250 ரூபா, 30 தடவை: தடவைக்கு 75 ரூபா
- என் பரண்மேல் கம்பு, இஎம்ஐ செலவோட 6,764 ரூபா, 4 தடவை: தடவைக்கு 1,691 ரூபா

இன்னொரு பக்கமும் பாருங்க. போய்வர 50 கிலோமீட்டர்னா பெட்ரோல் சுமார் 100 ரூபா. இரை 20, டீ வடை 40. தடவைக்கு 160 ரூபா. 30 தடவைக்கு 4,800 ரூபா! கம்போட விலையைவிட ஆறு மடங்கு. நாம விலைப் பட்டியல்ல 100 ரூபா குறைக்க ரெண்டு மணி நேரம் தேடுவோம். ஆனா பக்கத்துக் கண்மாய்க்குப் போனா அதே 100 ரூபா ரெண்டே தடவையில மிச்சமாகும்.

அதே நேரம், 160 ரூபாயில ஒரு ஞாயித்துக்கிழமை போகுதுன்னா அது மலிவான பொழுதுபோக்குதான். சினிமா, பாப்கார்ன், ராத்திரி பிரியாணின்னு போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை: "பிடிக்கிற மீனுக்கு காசு வருதே, கம்புக் காசு தானா வந்துடும்"னு கணக்கு போடாதீங்க. அரைக் கிலோ ஜிலேபி வேணும்னா மார்க்கெட்ல வாங்குறதுதான் லாபம். தூண்டில் பொழுதுபோக்குச் செலவு, முதலீடு இல்ல. முதலீடுன்னு பேர் வச்சு செலவு பண்றதுதான் நம்மளோட பழைய வியாதி.

75 ரூபா விதி

இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. ரொம்ப எளிசு.

முதல்ல 150 ரூபா மூங்கில்ல ஆரம்பிங்க. டவுன்ல மூங்கில் வைக்க இடம் இல்லைன்னா நண்பர்கிட்ட கம்பு இரவல் வாங்கிக்கங்க. ஒவ்வொரு தடவை போய்ட்டு வந்ததும் 75 ரூபாயை ஒரு தனி டப்பாவுலயோ தனிக் கணக்குலயோ போடுங்க. போகலைன்னா போடக் கூடாது.

10 தடவை போனா 750 ரூபா சேர்ந்திருக்கும். அதுதான் உங்க டெலஸ்கோப் செட். கடன் இல்ல, வட்டி இல்ல, பிராசசிங் கட்டணம் இல்ல. அதுக்கப்புறமும் ஆசை குறையாம இன்னும் 30 தடவை போனா 2,250 சேரும். அப்போ ரீல் வாங்குங்க, தாராளமா வாங்குங்க.

நாலு தடவையோட சலிச்சுப் போச்சா? உங்க நஷ்டம் 150 ரூபா மூங்கில். டப்பாவுல 300 ரூபா அப்படியே இருக்கு. என்னை மாதிரி 6,764 ரூபா பரணுக்குப் போகல.

இந்த விதியோட பலம் என்னன்னா, ஆசை நிஜமா இல்லையான்னு காசு தானே சொல்லிடும். நீங்க முடிவெடுக்கவே வேண்டாம்.

கடையில செய்ய வேண்டிய 5 சோதனை

1. நுனி வளைவு. கம்பை முழுசா நீட்டி, நுனியை மெதுவா இழுத்துப் பாருங்க. மேல் மூணுல ஒரு பங்கு சுலபமா வளையணும். மொத்தக் கம்பும் விறைப்பா நின்னா ஜிலேபி கொறிக்கிறது கைக்குத் தெரியாது.
2. கை எடை. நீட்டின கம்பை ஒரு கையில ரெண்டு நிமிஷம் பிடிங்க. கை வலிச்சா அந்த நீளம் உங்களுக்கு வேண்டாம். கரையில நீங்க உட்காரப்போறது ரெண்டு நிமிஷம் இல்ல, ரெண்டு மணி நேரம்.
3. இணைப்பு. டெலஸ்கோப் கம்பை லேசா ஆட்டுங்க. லொடலொடன்னு சத்தம் வந்தா வேற எடுங்க. அடிமூடியைக் கழற்ற முடியுதான்னு பாருங்க, அப்பத்தான் உள்ள போன தண்ணியும் மணலும் வெளிய வரும்.
4. பஞ்சுச் சோதனை. ரீல் கம்புன்னா நரம்பு ஓடுற வளையத்துக்குள்ள கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுத்துங்க. பஞ்சு மாட்டினா அங்க கீறல் இருக்கு. அந்தக் கீறல் உங்க நரம்பை அறுக்கும்.
5. நுனி மாத்து. முதல்ல ஒடியுறது நுனிதான். "அண்ணே, இதுக்கு நுனித் துண்டு தனியாக் கிடைக்குமா?"ன்னு கேளுங்க. கிடைக்கும்னு சொல்ற கடையில 50 ரூபா கூடக் கொடுத்தாலும் தப்பில்ல.

ஆன்லைன்ல வாங்குறவங்க மூணு விஷயம் பாருங்க. படத்துல ரீல் இருக்கும், பெட்டிக்குள்ள கம்பு மட்டும் வரும், அதனால "என்னென்ன கிடைக்கும்"ங்கிற பகுதியைப் படிங்க. நீளம் மீட்டரா அடியான்னு பாருங்க. ரீல்ல பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க. எண்ணிக்கை கூடினா தரம் கூடணும்னு அவசியம் இல்ல.

நரம்பு 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் போதும். தூண்டில் முள்ளுல நம்பர் கூடக்கூட அளவு சின்னதாகும். ஜிலேபிக்கு 8 இல்ல 10-ம் நம்பர் கேளுங்க. தக்கை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. இரைக்கு மண்புழு, இல்லைன்னா கோதுமை மாவு உருண்டை. இது எல்லாம் சேர்ந்தே நூறு, நூத்தம்பது ரூபாதான். ஆனா மீன் கிடைக்கிறதும் கிடைக்காததும் கம்பைவிட இதுலதான் இருக்கு.

காசைவிடப் பெரிய மூணு விஷயம்

கரண்ட் கம்பி. கார்பன் கம்பு எடை குறைவு, நல்லா இருக்கும். ஆனா கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம்ம பக்கம் தோட்டத்து மோட்டாருக்குப் போற கம்பி பல இடத்துல கண்மாய்க்கரை மேலயே தொங்கும். 15 அடி கம்பைத் தூக்கினா தொட்டுடும். ஈரமான மூங்கிலும் ஃபைபரும்கூட ஆபத்துதான். உட்காருறதுக்கு முன்னாடி தலைக்கு மேல பாருங்க. இடி மின்னல்னா கம்பைக் கீழ போட்டுட்டுக் கரையை விட்டு வாங்க.

அனுமதி. கண்மாய், குளம் பெரும்பாலும் மீன்பாசி குத்தகைக்கு விட்டிருப்பாங்க. குத்தகை எடுத்தவர் காசு போட்டு மீன்குஞ்சு விட்டு வளர்க்கிறார். கேட்காம தூண்டில் போட்டா அது அடுத்தவர் தோட்டத்துல மாங்காய் பறிக்கிற மாதிரி. "அண்ணே, ஓரமா உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கலாமா?"ன்னு கேளுங்க. வேண்டாம்னா நகர்ந்துடுங்க. அணைன்னா அங்க இருக்கிற மீன்வளத்துறை ஆட்களைக் கேட்டுட்டுத்தான் போடணும். ஆத்தூர் காமராஜர் அணை திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணி தர்ற அணை. அங்க மட்டுமில்ல, எங்க போனாலும் அறுந்த நரம்பையும் பாக்கெட்டையும் திரும்ப எடுத்துட்டு வாங்க. நரம்பு பறவை காலைச் சுத்தினா அது உயிருக்கே போகும்.

ஆழம். வண்டல் அள்ளின கண்மாய்ல தண்ணிக்கு அடியில திடீர்ப் பள்ளம் இருக்கும். வெளிய தெரியாது. முள்ளு மாட்டிக்கிச்சுன்னு உள்ள இறங்காதீங்க. ஒரு முள்ளோட விலை ரெண்டு ரூபா. அறுத்துவிடுங்க.

வாங்கின பிறகு

டெலஸ்கோப் கம்பை நீட்டும்போது நுனியில இருந்து ஆரம்பிங்க. மடக்கும்போது தடிமனான அடித்துண்டுல இருந்து ஆரம்பிங்க. வீட்டுக்கு வந்ததும் துணியால துடைச்சு, அடிமூடியைக் கழற்றி நிழல்ல காயவைங்க. அஞ்சு நிமிஷ வேலை. ஒரு சீசன் கம்பை மூணு சீசன் கம்பா மாத்துறது இதுதான்.

கடைசியா

அப்பாவுக்கு அந்த ஆபரேஷன் ரெண்டு மாசம் தள்ளித்தான் நடந்துச்சு. நல்லபடியா முடிஞ்சது. அவர் இதை மறந்தே போயிருப்பார். நான் மறக்கல. அந்த இஎம்ஐ முடிஞ்சதும் முதல் வேலையா அதே 1,080 ரூபாயை மாசா மாசம் அவசர நிதிக்கு ஆர்.டி.யில திருப்பிவிட்டேன். 12 மாசத்துல 12,960 ரூபாயும் வட்டியும் சேர்ந்துச்சு. இப்போ வீட்ல இருந்து ராத்திரி போன் வந்தா முதல்ல பேலன்ஸ் பார்க்கிறதில்ல, போனை எடுக்கிறேன்.

மழை பெய்ஞ்சு ஊர்க் கண்மாய் நிறைஞ்சா நானும் அப்பாவும் ரெண்டு மூங்கிலை எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். தக்கை ஆடுறதை என்னைவிட முன்னாடி அவர்தான் பார்க்கிறார்.

இந்த வார வீட்டுப்பாடம்:

1. உங்க வீட்ல சும்மா கிடக்கிற ஒரு பொழுதுபோக்குப் பொருளை எடுங்க. விலையை, இதுவரை பயன்படுத்தின தடவையால வகுங்க. வர்ற எண்ணை ஒரு பேப்பர்ல எழுதுங்க.
2. அடுத்து வாங்க ஆசைப்படுற பொருள் எதுன்னு எழுதுங்க. அதோட 150 ரூபா வடிவம் எது? இரவலா, வாடகையா, பழையதா?
3. இப்போ ஓடுற இஎம்ஐ எல்லாத்தையும் கூட்டுங்க. சம்பளத்துல எத்தனை சதவீதம்னு பார்க்காதீங்க, அத்தியாவசியச் செலவு போக மிஞ்சுற காசுல எத்தனை பங்குன்னு பாருங்க. கால் பங்கைத் தாண்டினா புது இஎம்ஐக்கு இப்போதைக்கு நோ.

மூங்கில்ல நரம்பு கட்டுற முறையையும் பஞ்சுச் சோதனையையும் நம்ம சேனல் வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன், பாருங்க. பரண் மேல இருக்கிற அந்தக் கறுப்புக் கம்பும் வீடியோவுல வருது. அதை விக்கலாம்னு இருக்கேன். கடல் பக்கம் இருக்கிற யாருக்காவது உதவட்டும், அது அங்க போக வேண்டிய கம்பு.

அடுத்த பாடத்துல சந்திப்போம்.